குதிரை பிடரியையும் வாலையும் தேய்த்தே புண்ணாக்குகிறது, தீவனத்தில் என்ன சேர்க்கலாம்?

வாய்க்கால்மேடு:
வணக்கம். கோபி பக்கம் இருக்கிறேன். லாயத்தை ஒட்டியே நெல் வயல். மூன்று வருடத்துக்கு முன் ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையில் ஒரு கத்தியவார் பெண்குதிரை வாங்கினேன். இப்போது 7 வயது, 300 கிலோ இருக்கும். முதல் வருடம் ஒரு குறையும் இல்லை. போன ஐப்பசியில் வேப்பமரத்தில் பின்பக்கத்தை வைத்துத் தேய்க்க ஆரம்பித்தது. கோடையில் தானாக அடங்கியது. இந்த மழைக்கு இரண்டு மடங்காக வந்துவிட்டது. பிடரி மயிர் பாதி போய், தோல் மடிப்பு மடிப்பாகத் தடித்திருக்கிறது. வாலடி எலி கடித்த விளக்குமாறு மாதிரி. அடிவயிற்றின் நடுவில் நீளமாகப் பொருக்கு.

வேப்பெண்ணெயை அப்படியே பூசினேன், தோல் செதிலாக உரிந்தது. கொள்ளு சூடு என்றார்கள், நிறுத்தினேன். விலா எலும்பு தெரிகிறதே தவிர அரிப்பு குறையவில்லை. ஊசி போட்டதில் 5 நாள் நிம்மதி, ஆறாம் நாள் பழைய கதை. லாயத்தைச் சுற்றிக் கொசுவலையும் கட்டிவிட்டேன். பூண்டும் ஆளிவிதையும் கொடுத்தால் நிற்கும் என்கிறார்கள். எவ்வளவு கொடுக்கலாம்?

மட்டக்குதிரை:
வாலைத் தூக்கி ஆசனவாயைச் சுற்றிப் பாருங்க. மஞ்சளாகவோ வெளுப்பாகவோ பிசின் மாதிரி ஒட்டியிருந்தால் அது குடற்புழு முட்டை, அந்த நமைச்சலுக்கும் வாலைத் தேய்க்கும். பிடரி மயிரைப் பிரித்துப் பேனும் பாருங்க.

வாய்க்கால்மேடு:
பார்த்தேன் அண்ணா, இரண்டும் இல்லை. புழு மருந்தும் சமீபத்தில்தான் கொடுத்தது.

பழைய லாயம்:
தம்பி, பிடரி, வாலடி, அடிவயிறு, மழைக்கு வந்து கோடையில் போவது. இது பொடி ஈ கடிக்கு வரும் ஒவ்வாமை. க்யூலிகாய்டஸ் என்று பெயர், 1 முதல் 3 மில்லிமீட்டர்தான் இருக்கும். நம் ஆடுகளுக்கு நீலநாக்கு நோயைப் பரப்புவதும் இதே கூட்டம்தான். ஈயின் எச்சில் சில குதிரைகளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. முதல் வருடம் ஒன்றும் தெரியாமல் அடுத்தடுத்த வருடம் முற்றுவது இதன் வழக்கம். மற்ற மாடு, குதிரைக்குத் தொற்றாது. அடியோடு குணமாகவும் செய்யாது, கடி விழாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம்.

உங்கள் கொசுவலை ஓட்டையில் இந்த ஈ தாராளமாக நுழையும். நாற்றங்காலுக்குக் கட்டுகிறார்களே 40 மெஷ் பூச்சி வலை, அதை வாங்குங்க. அதைவிட முக்கியம் காற்று. இது பறப்பதில் சோப்ளாங்கி, மெல்லிய காற்றையே தாங்காது. மசங்குகிற நேரத்திலும் விடிகாலையிலும்தான் படையெடுக்கும். மாலை 5 மணிக்கே குதிரையை வயலோரத்திலிருந்து உள்ளே கொண்டுவந்து, இரண்டு பெரிய மின்விசிறியை உடம்பில் படும்படி ஓடவிடுங்க. சாணிக்குழியும் தண்ணீர்த் தொட்டியடிச் சேறும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? ஈ முட்டையிடுவது அங்கேதான்.

கொள்ளைத் திரும்பக் கொடுங்க, பாவம். சூட்டுக்கும் இந்த அரிப்புக்கும் சம்பந்தமே இல்லை.

தோட்டத்துக்காரர்:
எங்கள் மாட்டுக்கு உண்ணி மருந்து அமிட்ராஸ் கலந்து குளிப்பாட்டுவோம், எந்தப் பூச்சியும் அண்டாது. முயற்சி செய்து பாருங்கள்.

பழைய லாயம்:
ஐயோ, குதிரைக்கு வேண்டவே வேண்டாம்! அமிட்ராஸ் குதிரையின் குடல் அசைவையே நிறுத்திவிடும், சாணி கட்டி வயிற்றுவலியில் செத்தும் போகலாம். மாட்டுக்கு ஆகிறதெல்லாம் குதிரைக்கு ஆகாது.

இறுதியாண்டு கால்நடை மாணவி:
தீவனக் கேள்விக்கு வருகிறேன். ஆளிவிதைக்கு ஓரளவு ஆதாரம் உண்டு. கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் இந்த ஒவ்வாமை உள்ள 6 குதிரைகளை வைத்து 42 நாள் நடந்த ஆய்வில் அரைத்த ஆளிவிதை கொடுத்தார்கள். ஈயின் சாற்றை ஊசியால் தோலில் ஏற்றிப் பார்த்தபோது தடிப்பு சிறியதாக இருந்தது. ஆனால் ஆறே குதிரை, அளந்ததும் தடிப்பைத்தான். அவர்கள் கொடுத்தது 450 கிலோ எடைக்கு ஏறக்குறைய 450 கிராம். உங்கள் குதிரைக்கு 300 கிராம் ஆகிறது. 50 கிராமில் தொடங்கி இரண்டு வாரத்தில் ஏற்றுங்கள், அன்றன்றைக்கு அரையுங்கள், அரைத்து வைத்தால் காறிப்போகும். இதை மட்டும் நம்பி விசிறியை நிறுத்திவிடாதீர்கள்.

பூண்டு வேண்டாம் அண்ணா. அதிகமானால் சிவப்பணு உடைந்து குதிரைக்குச் சோகை வரும், அதுவும் ஆய்வில் பார்த்ததுதான். வேப்பெண்ணெய் பூசுவதானால் ஒரு பங்குக்குப் பத்துப் பங்கு தேங்காய் எண்ணெய் கலந்து, முதலில் உள்ளங்கை அளவு இடத்தில் பூசி ஒரு நாள் பாருங்கள். புண் வாயில் பூசாதீர்கள். ஊசி ஸ்டீராய்டாக இருந்தால் அடிக்கடி போடக்கூடாது, குளம்பு அழற்சி வரும். சிரங்குக்கு மனிதர்கள் பூசும் பென்சைல் பென்சோயேட் சில நாடுகளில் இதற்கும் பயன்படுகிறது. டாக்டரைக் கேட்டுவிட்டு, பச்சைப் புண் இல்லாத இடத்தில் மட்டும்.

வாய்க்கால்மேடு (மூன்று வாரம் கழித்து):
விசிறி இரண்டு மாட்டினேன். முதல் நாள் சத்தத்துக்கு மிரண்டது, இப்போது தானாகவே போய் அதன் முன்னால் நிற்கிறது. சாணிக்குழியை மேட்டுப்பக்கம் மாற்றினேன். வேப்பமரத்துக்குப் போவது குறைந்துவிட்டது, பிடரியில் மயிர் முள்ளு முள்ளாக முளைக்கிறது. ஆளிவிதை 250 கிராமில் நிற்கிறது. எது கேட்டது என்று சொல்லத் தெரியவில்லை. போன வெள்ளிக்கிழமை ராத்திரி முழுக்கக் கரண்ட் இல்லை, காலையில் பார்த்தால் வாலடியில் ரத்தம். அன்றைக்கும் ஆளிவிதை தின்றுதான் இருந்தது.

இன்னொரு சந்தேகம். தையில் இதைக் குட்டிக்கு விடலாம் என்று இருந்தேன். குட்டிக்கும் வருமா?

பழைய லாயம்:
வர வாய்ப்பு அதிகம் தம்பி, இது பரம்பரையில் இறங்குகிற சங்கதி. நானாக இருந்தால் விடமாட்டேன்.

வாய்க்கால்மேடு:
சரி அண்ணா. வீட்டில் அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டம், அவர் குட்டிக்குப் பெயரே வைத்துவிட்டார்.