எக்ஸிஸ்டென்ஷியல் ரிஸ்க்: ‘இருத்தலியல் இடர்’ சரிவருமா?

வெள்ளவத்தையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். அனர்த்த முகாமைத்துவக் கையேட்டின் கடைசி அதிகாரத்துக்கு ‘எக்ஸிஸ்டென்ஷியல் ரிஸ்க்’ என்பதற்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும். இணையத்தில் ‘இருத்தலியல் இடர்’ என்று ஓடிக்கொண்டிருக்கிறது. இருத்தலியல் என்றதும் அந்த மெய்யியலோடு சேர்த்துப் பேசப்படும் சார்த்தரும் கமுவும்தான் நினைவுக்கு வருவார்கள். ‘இருப்பு இடர்’ அதைவிட மோசம். இங்கே இருப்பு என்றால் களஞ்சிய இருப்பு, வங்கி இருப்பு. புறக்கோட்டை அரிசி வியாபாரியிடம் இதைச் சொன்னால் லொறி வரவில்லை என்றுதான் விளங்கிக்கொள்வார்.

இந்தச் சொல்லுக்கு 2002இல் மெய்யியலாளர் நிக் பொஸ்ட்ரம் கொடுத்த வரையறைக்கு இரண்டு கிளைகள். மனிதகுலம் முற்றாக அழிந்துபோவது ஒன்று. அழியாமலே, இனி எழும்ப முடியாதபடி நிரந்தரமாக முடங்கிப்போவது மற்றது. இரண்டிலும் மீட்சி கிடையாது. ஆகவே இறந்தவர் தொகையை மட்டும் வைத்து எல்லை போட முடியாது. 2004 டிசெம்பர் 26 ஆழிப்பேரலை இந்தத் தீவில் மட்டும் 30,000க்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. 1815இல் தம்போரா எரிமலை வெடித்து, அடுத்த ஆண்டு ஐரோப்பாவில் கோடையே வராமல் பயிர் பொய்த்தது. இரண்டும் பேரழிவுதான், ஆனால் இந்த வகைக்குள் வரா.

என் முன்மொழிவு: ‘மீளா அழிவு இடர்நேர்வு’. நீளம் என்று தெரியும். இடர்நேர்வு என்பது மத்திய வங்கி அறிக்கைகளில் ஏற்கெனவே புழங்கும் சொல் என்பதால் அதை விட மனமில்லை.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

அக்கா, ஈரெழுத்தில் ‘ஊழி’ இருக்க இவ்வளவு நீட்ட வேண்டுமா? ‘ஊழியிடர்’. பிள்ளைகளுக்கு ஒரே தடவையில் மனதில் நிற்கும்.

தெஹிவளையிலிருந்து:

தம்பி சொல்வது காதுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊழி முடிந்தால் மறுபடி படைப்பு உண்டு என்பதுதான் நம் மரபு. நமக்கு வேண்டியது திரும்பி வராத ஒன்று. ‘ஊழ்’ பக்கத்திலேயே நிற்பதும் ஆபத்து. விதி என்று வாசிக்கிறவர் முன்னாயத்தம் என்ற அடுத்த பந்தியை ஏன் வாசிக்கப் போகிறார்?

பயிர்ச்செய்கைப் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். அணுப்போர் என்றதும் எல்லோரும் குண்டு விழும் நகரத்தை நினைக்கிறார்கள். கொழும்பில் ஒரு குண்டும் விழாவிட்டாலும் புகைக்கரி வந்துசேரும். எரியும் நகரங்களின் கரி, முகில்களுக்கு மேலே உள்ள படைமண்டலத்துக்கு ஏறிவிட்டால் அங்கே மழை இல்லை, கழுவிவிட ஆளில்லை. ஆண்டுக்கணக்கில் வெயிலை மறைக்கும். 15 கோடித் தொன் கரி ஏறும் மிக மோசமான நிலைக்கு, 2022இல் ‘நேச்சர் ஃபூட்’ இதழில் வந்த ஆய்வு 500 கோடிக்கு மேற்பட்டோர் பட்டினியால் இறக்கக்கூடும் என்று கணித்தது.

நெல் குடலைப் பருவத்தில், அதாவது கதிர் வெளித்தள்ளுமுன், இருக்கையில் சில இரவுகள் தொடர்ந்து 20 பாகை செல்சியசுக்குக் கீழே கணிசமாக இறங்கினாலே மகரந்தம் மலடாகும். பயிர் பச்சையாக நிற்கும், கதிரும் தள்ளும், அறுத்துப் பார்த்தால் மணியில்லாத சப்பி. பசளை போட்டுச் சரிக்கட்ட முடியாது. கோதுமை முழுக்க இறக்குமதி. சேமித்து வைக்கலாமே என்பவருக்கு: ஆளுக்கு நாளொன்றுக்கு 2,100 கலோரியை அரிசியால் மட்டும் கொடுப்பதென்றால் 580 கிராம் வேண்டும். இலங்கையின் 2 கோடி 17 இலட்சம் பேருக்கு நாளுக்கு ஏறக்குறைய 12,600 தொன், ஆண்டுக்கு 46 இலட்சம் தொன். ஒரு நல்ல ஆண்டில் இரு போகமும் சேர்ந்து தரும் அரிசியே 30 இலட்சம் தொன் அளவுதான்.

ஆக, பயிரை மாற்றத்தான் வேண்டும். மரவள்ளி குளிரில் வளராமல் நின்றுவிடும். உருளைக்கிழங்குக்கு 15 முதல் 20 பாகை உகந்தது, ஆகவே நுவரெலியா, வெலிமடைப் பயிர் சமவெளிக்கு இறங்கலாம். சிக்கல் விதைக்கிழங்கில்: ஹெக்டயருக்கு 2 தொன்னுக்கு மேல் வேண்டும், தலைமுறைக்குத் தலைமுறை வைரசு ஏறி விளைச்சல் விழும், சுத்தமான விதை கப்பலில்தான் வருகிறது. கன்னொறுவை மரபணு வங்கி இருக்கிறதே என்று ஆறுதல்பட வேண்டாம். அங்கே இருப்பது இனங்களைக் காப்பாற்றச் சிறு பொதிகளில் வைத்த விதை, அதுவும் குளிரூட்டியை நம்பி. பெருக்கி வயலுக்குக் கொண்டுவரப் பல போகம் வேண்டும்.

இவ்வளவும் நடந்தாலும் மனிதகுலம் முற்றாக அழிந்துவிடும் என்று சொல்ல முடியாது. எங்கோ சிலர் தப்புவார்கள். தப்பியவர்களால் விதை, உலோகம், எழுத்து, மருந்து என்று மறுபடி கட்ட முடியுமா என்பதில்தான் அது ‘மீளா’ வகையா, வெறும் பேரழிவா என்பது தங்கியிருக்கிறது. எனவே சொல்லில் ‘மீளா’ கட்டாயம்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

சரி, ஊழியை மேடைப் பேச்சுக்கு விட்டுவிடுவோம். ஆனால் ‘இடர்நேர்வு’க்குள் இரண்டைக் குழப்பக்கூடாது: ஆபத்து எவ்வளவு பெரியது, அது நேரும் வாய்ப்பு எவ்வளவு. 2024 வைஆர்4 என்ற சிறுகோள் பூமியில் மோதும் வாய்ப்பு 2025 பெப்ரவரியில் 3.1 வீதம்வரை ஏறியது. பின்னர் கூடிய அவதானிப்புகளால் அந்தக் கவலை நீங்கியது. அதன் குறுக்களவு ஏறத்தாழ 60 மீற்றர். விழுந்திருந்தாலும் ஒரு நகரத்தோடு போயிருக்கும். 6 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் விழுந்ததோ 10 கிலோமீற்றர் அளவு. வாய்ப்பு மிகச் சொற்பம், விளைவு மீளா அழிவு.

தடுக்க முடியுமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். 2022 செப்ரெம்பர் 26இல் நாசாவின் டார்ட் விண்கலம், பெரிய சிறுகோள் ஒன்றைச் சுற்றிவரும் டைமோர்பசு என்ற சிறு கல்லில் மோதி, அதன் 11 மணி 55 நிமிடச் சுற்றுக்காலத்தை அரை மணிக்குச் சற்று மேலாகக் குறைத்தது. முறை வேலை செய்கிறது. விலை நேரத்தில் இருக்கிறது. செக்கனுக்கு 2 சென்ரிமீற்றர் வேகமாற்றத்தைப் 10 ஆண்டுக்கு முன் கொடுத்தால், எளிய பெருக்கலிலேயே 6,300 கிலோமீற்றர் விலகல், அதாவது பூமியின் ஆரையளவு. ஒரே ஆண்டுதான் மிச்சம் என்றால் பத்து மடங்கு தள்ள வேண்டும். டைமோர்பசு 160 மீற்றர் அளவுதான். பெரிய கல்லுக்கு அந்தத் தள்ளு காணாது.

வெள்ளவத்தையிலிருந்து:

இருவருக்கும் நன்றி. அப்படியானால் ‘ஆபத்து’ நேரக்கூடிய பொருளுக்கு, ‘இடர்நேர்வு’ வாய்ப்பும் விளைவும் சேர்ந்த கணிப்புக்கு. கையேட்டில் இன்னொன்றையும் மாற்ற வேண்டியிருக்கிறது. அனர்த்தச் சக்கரத்தில் வழக்கமாகத் தணிப்பு, முன்னாயத்தம், துலங்கல், மீட்பு என்று நான்கு கட்டங்கள் வரும். மீளா அழிவுக்கு நான்காவது கட்டம் வெறுமையாகிவிடும். முதல் அனுபவத்தில் படித்து இரண்டாம் தடவை திருத்தும் வழியே இல்லை. ஆகவே இந்த அதிகாரத்தில் சக்கரம் வேண்டாம், மூன்று தடைகள் போதும்: தோன்றாமல் தடுத்தல், தோன்றினால் பரவாமல் அடக்கல், பரவினாலும் தாங்கல். டார்ட் முதல் தடைக்குள், உருளைக்கிழங்கு மூன்றாவதுக்குள்.

தெஹிவளையிலிருந்து:

மூன்றாவதைத் ‘தாங்குதிறன்’ என்றே வையுங்கள். ‘மீள்திறன்’ என்று யாராவது திருத்த வருவார்கள், விடாதீர்கள். பக்கத்திலேயே ‘மீளா’ நிற்கும்போது அச்சில் ஒரு காலைத் தவறவிட்டால் கருத்தே தலைகீழாகும். ‘மீளழிவு’ என்று சுருக்கவும் வேண்டாம். மீள்குடியேற்றம், மீள்சுழற்சி என்று பழகிய கண் அதை ‘மறுபடியும் அழிவு’ என்று வாசிக்கும்.

கொட்டாஞ்சேனையிலிருந்து:

சேர்த்து எழுதினால் ‘மீளாவழிவு’. பிள்ளைகள் ‘வழிவு’ என்று பிரித்து அர்த்தம் கேட்பார்கள். அக்கா, பிரித்தே அச்சிடுங்கள். முதல் தடவை முழுப்பெயர், பிறகு ‘மீளிடர்’ என்று சுருக்காமல் ‘மீளா இடர்’ என்று போட்டால் எனக்குச் சம்மதம்.