‘க்’ ஒலிக்கு ஆங்கிலத்தில் ஏன் இத்தனை எழுத்து?

கேள்வி: கேட் (cat), கைட் (kite), குயீன் (queen), ஸ்கூல் (school), பேக் (back). எல்லாவற்றிலும் காதில் விழுவது ‘க்’ தான், ஆனால் எழுதும்போது சி, கே, க்யூ, சிஎச், சிகே என்று மாறுகிறது. என் மகளுக்குச் சொல்லித்தர முடியாமல் திணறுகிறேன். உண்மையிலேயே ஒரே ஒலிதானா?

பதில் 1: ஒரே ஒலிதான். நாக்கின் பின்பகுதி எழும்பி மேலே மெல்லண்ணத்தில் (மேல்வாயின் மென்மையான பின்பகுதியில்) ஒட்டி, காற்றை ஒரு கணம் அடைத்துவிட்டு விடும், அவ்வளவுதான். ‘கீ’, ‘கூ’ என்று மாற்றி மாற்றிச் சொல்லிப் பாருங்கள், ‘கீ’யில் நாக்கு தொடும் இடம் கொஞ்சம் முன்னால் நகர்வது நன்றாகத் தெரியும்.

பதில் 2: எழுத்துக் குழப்பம் பழைய கதை. காமா என்ற கிரேக்க எழுத்து, பழங்கால இத்தாலியில் வாழ்ந்த எத்ருஸ்கர் வழியாக லத்தீனுக்கு வந்து சி ஆனது, அது முதலில் ‘க்’, ‘g’ இரண்டையும் சுமந்தது, அப்புறம் கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அதிலேயே ஒரு கோடு சேர்த்து ஜி என்ற எழுத்தை உண்டாக்கினார்கள். ஸ்கூல் மாதிரிச் சொற்களில் வரும் சிஎச் கிரேக்கச் சொற்களை லத்தீனில் எழுதிய முறை. இத்தாலியனிலும் சிஎச் என்றால் ‘க்’ தான்.

பதில் 3: மகளிடம் உள்ளங்கையை வாய்முன் வைத்து ‘கின்’, ‘ஸ்கின்’ என்று ஆங்கில உச்சரிப்பில் சொல்லச் சொல்லுங்கள். முதலாவதில் காற்று கையில் மோதும், இரண்டாவதில் அநேகமாக இருக்காது. இந்தியில் இந்த வேறுபாட்டுக்கே தனித்தனி எழுத்து உண்டு. நம் தமிழிலோ ‘பக்கம்’, ‘தங்கம்’, ‘அகம்’ மூன்றிலும் ஒலி வேறு, எழுத்து ஒன்றுதான். அதை அவள் யாரும் சொல்லாமலே சரியாக வாசிக்கிறாள் அல்லவா, அங்கிருந்து தொடங்குங்கள்.