மரக்காம்புப் பனிக்கோடரியின் தலை ஆடுகிறது: வழி தெரிந்தவர்கள் உதவவும்

அனைவருக்கும் வணக்கம். 2023 அக்டோபரில் டார்ஜிலிங்கின் பழைய பொருள் கடையொன்றில் நான் வாங்கிய, பனிமலை ஏறுவோர் பயன்படுத்தும் பனிக்கோடரியின் எஃகுத் தலை, சென்னைக்கு வந்த நான்காம் மாதத்திலிருந்து காம்பில் ஆடுகிறது.

நீளம் 85 செ.மீ.; காம்பு ஆஷ் மரம். தலையிலிருந்து இறங்கும் இரண்டு எஃகுப் பட்டைகளை மூன்று ரிவெட்டுகள் (தட்டி இறுக்கிய உலோக ஆணிகள்) காம்போடு பிணைக்கின்றன. நிறுவன முத்திரை தேய்ந்துவிட்டது. 1953இல் டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றபோது கையிலிருந்ததும் மரக்காம்புக் கோடரிதான் என்பதால், இதன் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு.

குளிர்சாதன அறையில் மாட்டியிருந்ததால் மரம் உலர்ந்து சுருங்கியிருக்கும் என்று கருதுகிறேன். அலகைப் பிடித்து அசைத்தால் ஒரு மில்லிமீட்டர் அளவு நகர்ந்து, மெல்லிய 'டக்' ஒலி கேட்கிறது. அடிமுனைக் கூரின் பூணுக்கு மேலே, மரத்தின் ரேகையை ஒட்டி, மயிரிழை போன்ற வெடிப்பொன்றும் ஆறு செ.மீ. நீளத்துக்கு ஓடுகிறது.

தலைப்பகுதியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்தேன். மரம் உப்பி இறுகியது, ஆனால் பத்து நாளில் பழையபடி தளர்ந்துவிட்டது. பிறகு, உப்புத்தாளால் பழைய வார்னிஷை நீக்கிவிட்டு, வாரத்துக்கொரு முறையாக மூன்று முறை ஆளிவிதை எண்ணெய் பூசினேன். காம்பின் நிறம் அழகாகத் திரும்பியதே தவிர ஆட்டம் குறையவில்லை. ரிவெட்டுகளைத் துளையிட்டு எடுத்துவிட்டு எபாக்சி பசை ஊற்றலாம் என்று தச்சர் ஒருவர் சொன்னார். அசல் ரிவெட்டுகளை இழக்க மனம் வராததால் மறுத்துவிட்டேன். மலையேற இதைப் பயன்படுத்தப்போவதில்லை.

ரிவெட்டுகளைக் கழற்றாமலேயே தலையை நிரந்தரமாக இறுக்க என்ன செய்யலாம்?