பேசுவது வல்லுநரா, அரசா? பொதுமக்கள் பிரித்தறிவது எப்படி?

நெய்தல் (கேள்வி):
கோவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 28 அன்று சமூக ஊடகத்தில் திட்டவட்டமாக அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் 239 அறிவியலாளர்கள் கையொப்பமிட்ட திறந்த மடல் ஒன்று, மூடிய அறைகளில் காற்றில் மிதக்கும் நுண்துளிகள் வழியாகவும் தொற்று பரவக்கூடும் என்பதை ஏற்குமாறு வலியுறுத்தியது. நிறுவனமும் பின்னர் தன் நிலையைப் படிப்படியாக மாற்றிக்கொண்டது. மாற்றிக்கொண்டதை நான் குறை சொல்லவில்லை. "இன்னும் உறுதியாகத் தெரியவில்லை" என்று சொல்லியிருக்க வேண்டிய நேரத்தில் "இதுதான் உண்மை" என்று அடித்துச் சொன்னதுதான் என்னை உறுத்துகிறது. இப்படியோர் அறிவிப்பில் ஆய்வின் முடிவு எவ்வளவு, நிர்வாகத்தின் தேவை எவ்வளவு என்பதை மருத்துவம் படிக்காத ஒருவர் எப்படிப் பிரித்தறிவது? கேள்வி கேட்டாலே அறிவியலின் எதிரி என்று முத்திரை குத்திவிடுகிறார்கள்.

கூர்நோக்கு:
நெய்தல் அவர்களுக்கு வணக்கம். இத்தாலியின் லாக்விலா நகரில் நடந்ததைப் பார்த்தால் உங்கள் கேள்வியின் வேர் தெரியும். 2009-இன் தொடக்க மாதங்களில் அங்கே சிறு அதிர்வுகள் ஓயாமல் வந்துகொண்டிருந்தன. தனி ஆர்வலர் ஒருவர் நிலத்திலிருந்து கசியும் ரேடான் வாயுவை அளந்து பெரும் நிலநடுக்கம் வரும் என்று கூறிவந்ததால் மக்களிடம் அச்சம் பரவியது. அதைத் தணிக்கவே மார்ச் 31 அன்று பேரிடர் ஆய்வுக் குழு கூடியது. அங்கிருந்த நிலநடுக்கவியலாளர்கள் நிலநடுக்கத்தை முன்கூட்டிக் கணிக்க இயலாது, வராது என்றும் உறுதி கூற இயலாது என்ற அளவில்தான் பேசினார்கள். ஆனால் குடிமைப் பாதுகாப்புத் துறையின் துணைத் தலைவரோ, கூட்டம் தொடங்கும் முன்பே தொலைக்காட்சிக்கு அளித்த பேட்டியில், சிறு அதிர்வுகளால் ஆற்றல் வெளியேறுவதால் ஆபத்து இல்லை என்று அறிவியலாளர்கள் தம்மிடம் கூறுவதாகச் சொல்லிவிட்டார். ஏப்ரல் 6 அதிகாலையில் 6.3 அளவிலான நிலநடுக்கம் 300-க்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதிர்வு வந்தால் வீட்டைவிட்டு வெளியேறித் திறந்தவெளியில் இரவைக் கழிப்பது அவ்வூர் மக்களின் பழைய வழக்கம். அந்த ஆறுதல் பேச்சை நம்பிச் சிலர் அன்றிரவு உள்ளேயே தங்கிவிட்டனர் என்று உறவினர்கள் நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தனர்.

2012-இல் அந்த அதிகாரி உட்பட, கூட்டத்தில் பங்கேற்ற எழுவருக்கும் தலா ஆறு ஆண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. நிலநடுக்கத்தைக் கணிக்கத் தவறியதற்காக அறிவியலாளர்களைத் தண்டித்துவிட்டார்கள் என்று உலகெங்கும் கூக்குரல் எழுந்தது. வழக்கோ கணிப்பைப் பற்றியதன்று, அபாயத்தை முறையாக மதிப்பிடாமல் மக்களுக்கு வெற்று ஆறுதல் தந்ததைப் பற்றியது. 2014 மேல்முறையீட்டில் ஆறு பேர் விடுவிக்கப்பட்டனர். பேட்டி கொடுத்த அதிகாரியின் தண்டனை இரண்டு ஆண்டுகளாகக் குறைந்தாலும் நிலைத்தது. ஆகவே "அறிவியலாளர்கள் சொல்கிறார்கள்" என்று ஓர் அதிகாரி தொடங்கினால், எந்த அறிவியலாளர், எந்த ஆவணத்தில், எவ்வளவு தயக்கத்தோடு சொன்னார் என்று கேளுங்கள்.

செங்காந்தள்:
கூர்நோக்கு ஐயா சொன்னதை மறுக்கவில்லை. ஆனால் இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. "நான் கேள்விதானே கேட்கிறேன்" என்பதையே கேடயமாக்கிக்கொண்டவர் தென்னாப்பிரிக்க அதிபர் தாபோ உம்பெக்கி. எச்.ஐ.வி. கிருமிதான் எய்ட்ஸுக்குக் காரணம் என்பதை மறுப்பவர்களையும் சேர்த்து 2000-இல் அவர் ஓர் ஆலோசனைக் குழு அமைத்தார். இரு தரப்புக்கும் சம இடம் கொடுப்பது வெளிப்பார்வைக்குத் திறந்த மனமாகத்தான் தெரியும். அவ்வாண்டே ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் மருத்துவர்களும் எச்.ஐ.வி.தான் எய்ட்ஸுக்குக் காரணம் என்று உறுதிசெய்த டர்பன் பிரகடனத்தில் கையொப்பமிட்டும் அரசு அசையவில்லை.

விளைவு பிரசவ அறையில் தெரிந்தது. பிரசவ நேரத்தில் தாய்க்கு ஒரு வேளையும் பிறந்தபின் குழந்தைக்கு ஒரு வேளையும் கொடுத்தால், தொற்று குழந்தைக்குச் செல்வதைப் பெருமளவு குறைக்கும் மருந்து நெவிரபின். அதைத் தயாரித்த நிறுவனம் ஐந்து ஆண்டுகளுக்கு இலவசமாகத் தர முன்வந்தும், மாகாணத்துக்கு இரண்டு இடங்கள் என்ற கணக்கில் மட்டுமே அரசு அனுமதித்தது; மற்ற அரசு மருத்துவமனைகளின் மருத்துவர்கள் கைகட்டி நிற்க வேண்டியதாயிற்று. நோயாளிகளும் மருத்துவர்களும் இணைந்த சிகிச்சைக்கான செயல் இயக்கம் வழக்குத் தொடுக்க, 2002 ஜூலையில் அரசியலமைப்பு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்க உத்தரவிட்டது. அக்கொள்கைகளால் 3,30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் 2008-இல் மதிப்பிட்டனர். அங்கே வல்லுநரை எதிர்த்து நின்றது அதிகாரம், வல்லுநர் பக்கம் நின்றது நோயாளிகள். எளிய மக்கள் ஒரு பக்கம், நிபுணர்கள் மறுபக்கம் என்று வழக்கமாக வரையப்படும் சித்திரத்தை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

நெய்தல்:
நன்றி. அப்படியானால் அந்த 239 பேரையும் உம்பெக்கி அழைத்த மறுப்பாளர்களையும் எதை வைத்து வேறுபடுத்துவது? இரு சாராருமே அன்றைய அதிகாரபூர்வ நிலைக்கு எதிராகத்தானே பேசினார்கள்?

பொன்னி:
அந்த 239 பேரின் வாதம் சோதிக்கத்தக்கது: நெரிசலான, காற்றோட்டம் குறைந்த அறையில் தொற்று கூடும், சன்னலைத் திறந்தால் குறையும் என்று யாரும் சரிபார்க்கக்கூடிய வடிவில் அதை முன்வைத்தார்கள். எய்ட்ஸ் மறுப்பாளர்களோ, எச்.ஐ.வி.க்கு எதிரான பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டுச் சிகிச்சை 1996 முதல் இறப்புகளைக் கண்ணெதிரே குறைத்த பிறகும் நிலை மாறவில்லை. எந்தச் சான்று வந்தால் உங்கள் கருத்தைக் கைவிடுவீர்கள் என்ற கேள்விக்கு அவர்களிடம் பதிலே இல்லை.

மற்றபடி, தனிமனிதரின் கூர்மதியை மட்டும் நம்பி இதை விட்டுவிட முடியாது. பிரிட்டனில் கோவிட் காலத்து அறிவியல் ஆலோசனைக் குழுவின் உறுப்பினர் பெயர்களும் கூட்டக் குறிப்புகளும், கடும் விமர்சனத்துக்குப் பிறகு 2020 மே மாதத்தில்தான் வெளிவரத் தொடங்கின. அதுவரை "அறிவியலைப் பின்பற்றுகிறோம்" என்று அமைச்சர்கள் சொன்னபோது, ஆலோசனை எது, அமைச்சரவையின் முடிவு எது என்று எவராலும் ஒப்பிட்டுப் பார்க்க முடியவில்லை. லாக்விலாக் கூட்டத்தின் குறிப்போ நிலநடுக்கம் வந்த பிறகுதான் கையொப்பமானது.