பாதிரிமார் சீனாவுக்குக் கொடுத்தது பாதி அறிவியலா?

செங்கதிர்:
போன வாரம் கயல்விழி இங்கே, "சீனாவுக்கு ஐரோப்பிய அறிவியலை ஒளிவுமறைவில்லாமல் கொண்டுசேர்த்தவர்கள் இயேசு சபைப் பாதிரிமார்" என்று எழுதியிருந்தார். அந்த "ஒளிவுமறைவில்லாமல்" என்ற சொல்லைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. 1616-ல், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்ற கோப்பர்நிக்கஸ் கொள்கைக்குத் திருச்சபை தடை போட்டது. அதற்குப் பிறகு பெய்ஜிங்கில் பஞ்சாங்கத்தைத் திருத்திய பாதிரிமார் டைகோ பிராகே என்ற டென்மார்க் வானியலரின் ஏற்பாட்டைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அதில் பூமி அசையாமல் நடுவில் நிற்கும், சூரியன் அதைச் சுற்றும், மற்ற கோள்கள் சூரியனைச் சுற்றும். பூமிதான் சுற்றுகிறது என்று பேரரசருக்கு வெளிப்படையாக விளக்கியவர் பெனுவா பாதிரியார். அதுவும் 1760 வாக்கில்தான்!

கயல்விழி:
அண்ணா, தடை இருந்தது உண்மைதான். ஆனால் கிரகணக் கணக்குக்கு டைகோவின் ஏற்பாடு எந்த விதத்திலும் குறைந்ததல்ல. தொலைநோக்கியில் கலிலேயோ கண்ட வியாழனின் நிலவுகளைப் பற்றி 1615-லேயே தியாஸ் பாதிரியார் சீன மொழியில் எழுதிவிட்டார். ஷ்ரெக் பாதிரியார் சீனாவிலிருந்து கடிதம் போட்டு உதவி கேட்டார், ஜெர்மன் வானியலர் கெப்ளரும் பதில் எழுதினார். மறைக்க நினைப்பவர்கள் இப்படியெல்லாம் செய்வார்களா?

1668 டிசம்பரில் நடந்ததையும் பாருங்கள். பஞ்சாங்கத் துறை அப்போது பாதிரிமாரை எதிர்த்த யாங் குவாங்சியான் கையில் இருந்தது. யார் கணக்கு சரி என்று பார்த்துவிட வேண்டும் என்றார் 14 வயதுப் பேரரசர் காங்சி. ஒரு கம்பத்தை நட்டு, நண்பகலில் அதன் நிழல் எதுவரை விழும் என்று ஃபெர்பீஸ்ட் பாதிரியார் முன்கூட்டியே கோடு போட்டார். மூன்று நாள் சோதனையிலும் நிழல் அவர் சொன்னபடியே விழுந்தது. யார் வேண்டுமானாலும் கண்ணால் பார்த்துச் சரிபார்க்கலாம் என்ற அந்த முறையை நான் பெரிய கொடையாகத்தான் பார்க்கிறேன்.

நெய்தல்:
இரண்டு பேருமே "கொடுத்தார்கள், கொடுக்கவில்லை" என்றே பேசுகிறீர்கள். வாங்கியவர்கள் என்ன, கையேந்தியா நின்றார்கள்? யூக்ளிட் என்ற கிரேக்க அறிஞரின் வடிவியல் நூலை ரிச்சி பாதிரியார் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல, சீன மொழியில் எழுதியவர் ஷாங்காய்க்காரரான சூ குவாங்சீ. மூன்று முறை திருத்தி, 1607-ல் முதல் ஆறு பாகங்களை முடித்தார்கள். மீதியையும் முடித்துவிடலாம் என்று துடித்தவர் சூ. இது போதும், எப்படி வரவேற்கிறார்கள் என்று பார்ப்போம் என்று நிறுத்தியவர் ரிச்சி.

இன்னொன்று மனதை அறுக்கிறது. பாதிரிமார் மீது யாங் தொடுத்த வழக்கில், அதற்கு முன் பஞ்சாங்கத் துறையை நடத்திய ஆதாம் ஷால் பாதிரியாருக்கு மரண தண்டனை விதித்தார்கள். 1665-ல் நிலநடுக்கம் வந்ததும் அவரை விட்டுவிட்டார்கள். அவரோடு வேலை பார்த்த சீனக் கிறிஸ்தவ வானியலர் ஐந்து பேரின் தலை போனது. அவர்களை யார் நினைக்கிறோம்?

செங்கதிர்:
நெய்தல் சொல்வதற்கு மறுபேச்சில்லை. ஆனால் மறைத்ததால் வந்த கேட்டையும் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ருவான் யுவான் என்ற அறிஞர், இந்த மேற்கத்தியர் நேற்று ஒன்று, இன்று ஒன்று சொல்கிறார்கள், பூமி சுற்றுகிறது என்பது மேலைக் கீழாக்கும் பேச்சு என்று ஒதுக்கித் தள்ளினார். முதலிலேயே உள்ளதைச் சொல்லியிருந்தால் அந்த அவநம்பிக்கை வந்திருக்குமா?

கயல்விழி:
இதில் நீங்கள் சொல்வது சரி. "ஒளிவுமறைவில்லாமல்" என்று நான் எழுதியது தவறு, திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் கதை ருவானோடு முடியவில்லை. யூக்ளிட் நூலில் விட்டுப்போன ஒன்பது பாகங்களை லி ஷான்லான் என்ற கணித மேதையும், லண்டன் மிஷனின் அச்சகத்தைப் பார்த்துக்கொண்ட வைலியும் சேர்ந்து முடித்தார்கள். அது 1857-ல். இரண்டு ஆண்டு கழித்து ஆங்கிலேய வானியலர் ஹெர்ஷலின் வானியல் நூலையும் மொழிபெயர்த்தார்கள். அதன் முன்னுரையில் ருவான் யுவானுக்குப் பதில் சொல்லி, பூமி சுற்றுகிறது என்று வாதாடியவர் லி ஷான்லானேதான்.

நெய்தல்:
அந்த முன்னுரையைப் பற்றித் தனி இழை தொடங்குங்கள் கயல். வடிவியலுக்கு ரிச்சியும் சூவும் வைத்த "ஜீஹே" என்ற பெயரைத்தான் சீனப் பிள்ளைகள் இன்றும் பள்ளியில் படிக்கிறார்கள். அதையும் சேர்த்து எழுதுங்கள்.