லினக்ஸ் ஏறவில்லை, அவசரம்

ஆத்தங்குடி_பட்டறை:
வணக்கம். பட்டறைக் கணினியில் லினக்ஸ் ஏற மாட்டேன் என்கிறது. நேற்று வரை நன்றாக ஓடியது, நான் எதையும் மாற்றவில்லை. டைல்ஸ் பில் எல்லாம் அதில்தான். காலை 6 மணிக்கு தேவகோட்டைக்கு லோடு போகணும். என்ன செய்யலாம்?

பள்ளத்தூர்க்காரன்:
எந்த லினக்ஸ் அண்ணே? திரையில் என்ன வருகிறது?

கானாடுகாத்தான்_73:
கரண்டு போய்ப் போய் வந்ததா? மதர்போர்டில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்திருக்கும். அது போனால், கணினியை முதலில் எழுப்பும் பயாஸ் தன் அமைப்பெல்லாம் மறந்துவிடும். என் கடையில் இரண்டு கணினிக்கு இதே கதைதான். தேதி சரியாக இருக்கிறதா பாருங்கள்.

கொப்புடையாள்_துணை:
லினக்ஸை எழுப்பும் கிரப் நிரல் போயிருக்கும். லைவ் யுஎஸ்பியில் (லினக்ஸ் போட்ட பென்டிரைவில்) ஏறி, கிரப்பை மறுபடி நிறுவுங்கள்.

ரூட்_காரைக்குடி:
எத்தனை முறை எழுதினாலும் யாரும் படிப்பதில்லை. எங்கே நிற்கிறது என்று தெரியாமல் கிரப்பில் கை வைக்காதீர்கள். யுஇஎஃப்ஐ (பயாஸின் புது வடிவம்), வட்டில் ஃபேட்32 வகைப் பகிர்வில் இருக்கும் கிரப்பை எழுப்பும். கிரப், லினக்ஸின் மையமான கெர்னலையும், தொடக்கத்துக்கான சிறு கோப்புத் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸையும் நினைவகத்தில் ஏற்றும். லினக்ஸ் இருக்கும் ரூட் பகிர்வு கிடைத்ததும், மற்றதையெல்லாம் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி பொறுப்பெடுக்கும். நாலு இடத்திலும் நாலு விதமாக நிற்கும். திரையைப் பார்த்து அப்படியே எழுதுங்கள், அது கூடச் செய்யாமல் உதவி கேட்டால் எப்படி?

ஆத்தங்குடி_பட்டறை:
மன்னிக்கவும். டெபியன் 12. மெனு வருகிறது. அப்புறம் சிவப்பு நட்சத்திரம் இடமும் வலமும் ஓடுகிறது, பக்கத்தில் 1 நிமிடம் 30 நொடி என்று கணக்கு. முடிந்ததும் எமர்ஜென்சி மோட், ரூட் (நிர்வாகி) கடவுச்சொல் கேட்கிறது.

பள்ளத்தூர்க்காரன்:
அப்படியானால் கிரப்பும் கெர்னலும் நலம். சிஸ்டம்டி ஏதோ ஒரு வட்டுக்காக 90 நொடி காத்துப் பார்க்கிறது. எதையாவது கழற்றினீர்களா?

ஆத்தங்குடி_பட்டறை:
டிசைன் படம் வைத்திருந்த இரண்டாவது வட்டைத் தம்பி நேற்று ராத்திரி சென்னைக்குக் கொண்டுபோனான். அதில் வெறும் படம்தானே, லினக்ஸ் இல்லையே?

பள்ளத்தூர்க்காரன்:
அதேதான் அண்ணே. கடவுச்சொல் கொடுத்து உள்ளே போய், இடிசி அடைவில், ஏறும்போது இணைக்க வேண்டிய வட்டுகளின் பட்டியலான எஃப்எஸ்டேப் கோப்பை நானோ எடிட்டரில் திறங்கள். அந்த வட்டின் யுயுஐடி (அடையாளக் குறி) இருக்கும் வரி செயல்படாமல் இருக்க, அதற்கு முன்னால் # போட்டுச் சேமித்து மறுதொடக்கம் செய்யுங்கள். ரூட் வரியைத் தொட்டுவிடாதீர்கள்.

கொப்புடையாள்_துணை:
இதற்குத்தான் சிஸ்டம்டியே வேண்டாம் என்கிறேன். அதற்கு முன்பிருந்த பழைய இனிட் ஆக இருந்தால் படவட்டு இல்லாவிட்டாலும் ஏறியிருக்கும்.

ரூட்_காரைக்குடி:
2015இல் டெபியன் 8 வந்தபோதே வெளியீட்டுக் குறிப்பில் இதை எச்சரித்துவிட்டார்கள். தரவு வட்டு இல்லாமலே சர்வர் ஏறி, வெற்று அடைவில் எழுதித் தொலைத்ததை நான் பார்த்திருக்கிறேன். நிற்பதே நல்லது.

கொப்புடையாள்_துணை:
சர்வர் வேறு, பட்டறையில் பில் போடும் கணினி வேறு. இங்கே நின்றால் லோடு நிற்கும்.

ஆத்தங்குடி_பட்டறை:
ஏறிவிட்டது. நன்றி தம்பி. பில் போடப் போகிறேன்.

பள்ளத்தூர்க்காரன்:
சந்தோஷம். வட்டு திரும்பி வந்ததும் # எடுத்துவிட்டு, அந்த வரியில் டிஃபால்ட்ஸ் பக்கத்தில் கமா போட்டு நோஃபெயில் என்று சேருங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை தம்பி ஊருக்குப் போகும்போதும் இப்படியே நிற்கும்.