செய்நம்பிக்கை: செவிலியர் தொடர்கல்வி மதிப்பீட்டுக்கு ஒரு சொல்

வணக்கம். செவிலியர் பயிற்சி மதிப்பீட்டுப் படிவத்தில் 'self-efficacy' என்பதற்குத் 'தன்னம்பிக்கை' என்று போடுவது பொருந்தாது. அது ஆளின் பொது இயல்பு. படிவம் கேட்பதோ, குறிப்பிட்ட ஒரு வேலையை இன்றைக்குத் தன்னால் செய்ய முடியும் என்று அவர் எவ்வளவு நம்புகிறார் என்பதை. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்து இது. வெறும் 'நம்பிக்கை' என்றால், அதே அறிக்கையின் அட்டவணையில் '95% நம்பிக்கை இடைவெளி' என்ற புள்ளியியல் சொல் வந்து குழப்பும். 'செயல்துணிவு' எனலாமா?

*

துணிவு வேண்டாம் ஐயா. மருந்தளவில் ஐயம் வந்தால் கையை நிறுத்திக் கேட்கும் செவிலியர்தான் வேண்டும். அந்தச் சொல் அவரைக் குறைத்துக் காட்டும். 'செயல்திறன் நம்பிக்கை' என்று நீட்டினால், நேரில் பார்த்து அளக்கும் திறனோடு கலந்துவிடும். செய்முறை, செய்நேர்த்தி போல 'செய்நம்பிக்கை' என்கிறேன்.

வினாவும் சொல்லுக்கேற்ப அமைய வேண்டும். சி.பி.ஆரை, அதாவது இதயம் நின்றவருக்கு மார்பை அழுத்திச் செய்யும் உயிர்காப்பு முறையை, எடுத்துக்கொள்ளுங்கள். "சி.பி.ஆர். செய்ய நம்பிக்கை உள்ளதா?" என்றால் எல்லோரும் ஆம் என்பார்கள். "பெரியவர் ஒருவரின் மார்பை 5 முதல் 6 செ.மீ. ஆழத்துக்கு, ஆள் மாறும் வரை இரண்டு நிமிடமும் அழுத்த என்னால் முடியும்" என்பது ஒரு வினா. நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகம் இன்னொன்று. ஒவ்வொரு தடவையும் மார்பை முழுதாக மேலெழ விடுவது மூன்றாவது. மூன்றையும் ஒன்றில் திணித்தால், 60 என்று போட்டவர் எதில் தயங்குகிறார் என்று தெரியாது. 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக எண் கேளுங்கள். 'முடியும்' என்றே இருக்கட்டும். 'செய்வேன்' என்றால் அளப்பது விருப்பத்தை.

பயிற்சிக்கு முன் 80 போட்டவர், தனக்குத் தெரியாதது எவ்வளவு என்று புரிந்தபின் 70 போடலாம். பயிற்சியால் கெட்டுப்போனார் என்று அறிக்கை சொல்லிவிடும். அதனால் முடிவில் 'அப்போது', 'இப்போது' என ஒரே தாளில் இரண்டு கட்டம் வையுங்கள். 'அப்போது' என்பதை வேண்டுமென்றே தாழ்த்திப் போடுவோரும் உண்டு. முதல் தாளையும் தூக்கிப்போட வேண்டாம்.

இந்த எண்ணை மட்டும் வைத்துப் பயிற்சி வெற்றி என்று எழுதுவதுதான் பெரிய கேடு. அன்றைக்கே பொம்மையில் செய்யச் சொல்லி, சரிபார்ப்புப் பட்டியலில் குறித்த மதிப்பெண்ணைப் பக்கத்தில் வையுங்கள். நம்பிக்கை 90, திறன் 50 என்றால் அவரை உடனே மறுபயிற்சிக்கு அழைக்க வேண்டும். சி.பி.ஆர். திறன் சில மாதங்களில் மங்கும், நம்பிக்கை அவ்வளவு விரைவாக இறங்காது. ஆறாம் மாதம் இரண்டையும் மறுபடி அளக்க வேண்டும்.

*

'செய்நம்பிக்கை' சரி. 90-50 வகைக்கு 'மிகைச் செய்நம்பிக்கை' என்று படிவக் குறிப்பில் சேர்க்கிறேன். இலங்கைப் படிக்கு 'தாதியர்' என்று மாற்றினால் போதும்.